ஆறாவது தோட்டா

எங்கள் குடும்பத்தில் இந்த நிகழ்ச்சி மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. அம்மா சொல்லும்போது நான் அழுதுகொண்டே ஓடினேன். மாமா சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். அவருடைய கதையில் ஒரு காட்டுப்பன்றியும் வந்து போகிறது. மூன்றாவது, நானே பள்ளித் தோழிகளிடம் பலமுறை சொல்லி மெருகேற்றியது. அதில் பன்றி இல்லை. ஆனால் என் வீரம் தேவைக்கு மேல் இருந்தது.

ஆகவே இங்கே மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். நான் கண்ணால் கண்டு, இன்றும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. தாளில் எழுதப்பட்டு என் கைக்குக் கிடைத்தவை. அம்மாவையும் மாமாவையும் தனித்தனியே கேட்டபோது இருவரும் ஒன்றுபோலச் சொன்னவை. இவற்றை மட்டுமே எழுதுகிறேன். பன்றி இந்தச் சோதனையில் தேறவில்லை. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்டால், இந்த நிகழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. பங்குள்ளவர் சொல்லும் கதை அவர் பக்கமே சாயும். அது சாயாமலிருக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலாய் நாட்டின் மலைப்பகுதியில், கியா பார்ம் என்ற ஊரைத் தாண்டி மேலே போகும் சாலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா செங்குத்தான சரிவுகளில் கையால் கொழுந்து பறித்தார். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்தார்கள். அந்த இயந்திரத்தைத் தனியாளாகத் தூக்க முடியாது. தேயிலை நிரையின் இருபுறமும் இருவர் நின்று, செடியின் தலைமேல் அதைப் பிடித்தபடி நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் தொங்கும் நீண்ட பையில் போய் விழும். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் வருவார். எஞ்சின் ஒரு முனையில் மட்டும் இருக்கும். எடை அந்தப் பக்கமே அதிகம். அப்பாவின் தோள் அகன்றது என்பதால் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த முனை அவருடையதாகவே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் எஞ்சின் அவருடைய வலக்காதின் அருகிலேயே உறுமிக்கொண்டிருந்தது.

அந்த இரைச்சலில் பேச்சு உதவாது. ஆகவே அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பை பிடிப்பவர் பையை ஒருமுறை இழுத்தால் ‘மெதுவாகப் போ’ என்று பொருள். இரண்டு முறை இழுத்தால் ‘நில்’. ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது; இருந்த இடத்தில் இருந்தபடியே அசையாமல் நிற்க வேண்டும். செடிக்குள் குளவிக்கூடு இருக்கலாம், பாம்பு இருக்கலாம், கல் இருக்கலாம். காரணம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் விரல் போய்விடும். அப்பாவின் காது மந்தமாக மந்தமாக இந்த வழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவரைக் கூப்பிட வேண்டுமானால் பின்னால் போய்ச் சட்டை நுனியை ஒருமுறை இழுப்பேன்; உடனே திரும்புவார். கொதிக்கும் பானையை வெறுங்கையால் தொடப் போனால் இரண்டு முறை இழுப்பேன், சிலைபோல் நின்றுவிடுவார்.

தடித்த குரல்கள் அவருக்குப் பெரும்பாலும் கேட்டன. மெல்லிய, கூர்மையான ஒலிகள்தாம் முதலில் போயின. கைப்பேசி மணி, தண்ணீர்க் கெண்டியின் சீழ்க்கை, பள்ளியில் நான் பரிசு வாங்கி வந்த புல்லாங்குழல் ஆகிய எதுவும் அவரை எட்டவில்லை. நான் வாசித்து முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டுவார். விரல்கள் நின்றுவிட்டதைப் பார்த்துத்தான் பாட்டு முடிந்தது என்று அறிந்துகொண்டார் என்பதை நான் பிறகே கண்டுபிடித்தேன்.

தானா ராத்தா நகரில் மருத்துவர் சோதித்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் இன்று என்னிடம் இருக்கிறது. வலக்காது பெருமளவு பழுதடைந்துவிட்டது. இயந்திர வேலையை விடாவிட்டால் இடக்காதும் அதே வழியில் போகும். இதுவே அதன் சாரம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்; தோட்டம் கொடுத்த லயத்து வீடு வேலை செய்பவருக்கே உரியது. இந்நிலையில்தான் தோட்டத்துத் தொழிற்சாலைக்கும் பண்டகசாலைக்கும் இரண்டு காவலர் தேவை என்று அறிவிப்பு வந்தது. எஞ்சின் இல்லாத வேலை. அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை அந்த மலையில் வேறு இல்லை. ஆனால் காவலர் துப்பாக்கி ஏந்த வேண்டும். அதற்கு மூன்று வகைத் துப்பாக்கிகளில் பயிற்சி பெற்றுச் சுட்டுக்காட்டித் தேர வேண்டும். சுடுகளத்தில் ஆணை காதில் விழாத ஒருவருக்கு எவரும் தேர்ச்சி தரமாட்டார்கள். காது போகாமல் இருக்க அந்த வேலை வேண்டும். அந்த வேலை கிடைக்கக் காது வேண்டும். அம்மா மருத்துவரின் கடிதத்தைப் புடவை மடிப்புகளுக்கிடையே வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

வழி கண்டுபிடித்தவர் மாமா. அவருக்குக் காவல் வேலையில் விருப்பமே இல்லை; ஆயினும் அவரும் பெயர் கொடுத்தார். அப்பாவின் இடப்பக்கம் நின்று சைகை காட்டுவதற்காக.

“மச்சான், நீங்க என் மொழங்கையப் பாத்தா போதும். நா எறக்குனா எறக்குங்க, தூக்குனா தூக்குங்க. அங்க கத்துறவரு கத்திகிட்டு கெடக்கட்டும் லா.”

“வெளையாட்டா போச்சு ஒனக்கு,” என்றார் அம்மா. “அது தோட்டாடா. கொழுந்து இல்ல.”

“அக்கா, பன்னெண்டு வருசமா ஒரே மெசின புடிச்சிருக்கோம். எனக்கு மூக்கு அரிச்சா மச்சானுக்குத் தெரியும்.”

ஒரு வாரம் மாலைதோறும் வீட்டின் முன்னால் ஒத்திகை நடந்தது. இருவரும் ஆளுக்கொரு குடையைத் தோளில் சாத்தி மலையைக் குறிபார்ப்பார்கள். நான் எங்காவது ஒளிந்துகொண்டு ‘நிறுத்து’ என்று கத்த வேண்டும். மாமாவின் முழங்கை தாழும். அப்பாவின் குடையும் தாழும். இரண்டுக்கும் இடையே ஓர் அரை மூச்சு இருந்தது. அதைக் குறைக்கத்தான் அந்த ஒரு வாரமும்.

“என்னாங்கடா, கொடைய வச்சிகிட்டு யார சுடுறீங்க? மழையவா?” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்.

“ஒங்க கோழிய!” என்றார் மாமா. கோழிகள் அன்று முன்னேரத்திலேயே கூட்டுக்குள் போயின.

சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. அம்மாவுக்கு அன்று வேலை இருந்தது. என்னை அப்பாவோடு அனுப்புவது என்று முடிவு செய்தவர் அவர்தான். தலை பின்னிவிடும்போது என் காதருகே சொன்னார்.

“அப்பாவுக்கு எடது பக்கமாவே நில்லு. யாரு கேட்டாலும் காதப் பத்திப் பேச்சு எடுக்காத. வெளங்குதா?”

“பொய் சொல்லணுமாம்மா?”

“பொய் சொல்லச் சொல்லலடி. வாயத் தொறக்காதன்னு சொல்றேன்.”

பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

தோட்டத்து வேனில் நால்வர்: அப்பா, மாமா, தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளைஞர், ஒரு லாரி ஓட்டுநர். முன்னிருக்கையில் படிவக் கோப்போடு தோட்டத்துக் கணக்கரான கிராணி. அவர் என்னைக் கண்டதும் முகம் சுளித்தார்.

“புள்ளைய எதுக்குய்யா கூட்டிட்டு வந்த? திருவிழாவுக்கா போறோம்?”

அப்பா இடப்பக்கம் உட்கார்ந்து வலக்காதை எங்கள் பக்கம் காட்டியிருந்ததால் அது அவரை எட்டவில்லை. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முந்திக்கொண்டார்.

“வீட்ல ஆளு இல்ல ஐயா. ஓரமா குந்தியிருக்கும்.”

முதல் ஆணையே வேனுக்குள் தவறிவிட்டது என்று நினைத்தேன். பிரிஞ்சாங்கில் சுற்றுலாக் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசல் மாலைவரை நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீடிக்கவில்லை. தானா ராத்தாவைக் கடந்து, மலை இறங்கி, லெம்பா பெர்த்தாமின் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே போனோம். சேற்று வெள்ளம் விட்டுப்போன கோடு சில சுவர்களில் இன்னும் தெரிந்தது. அதற்கும் அப்பால், மலையின் விலாவை வெட்டிச் சமப்படுத்திய ஓரிடத்தில் வேன் நின்றது.

செம்மண் சுவர், அதன் முன்னால் இலக்கு அட்டைகள், இப்புறம் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்கும் சுடும் கோட்டுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு. கம்பத்தில் சிவப்புக் கொடி. மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஓய்வு பெற்ற மலாய்க்காரச் சார்ஜன்; குள்ளமான உருவம், நரைத்த மீசை. அவர் வாயைத் திறந்ததும் எனக்கு உயிர் வந்தது. அவ்வளவு தடித்த குரல். இந்தக் குரல் அப்பாவை எட்டும். மாமாவும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அடுத்த நொடியில் சார்ஜன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஊதலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதலில் நீளமாக ஊதுவேன், பிறகு குரல் கொடுப்பேன். ஊதல் ஒலித்ததுமே விரல் விசையை விட்டு வந்துவிட வேண்டும், குரலுக்குக் காத்திருப்பவன் தேறமாட்டான் என்று மலாயில் சொன்னார். அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

எல்லாருக்கும் காதுக்கவசம் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது பெரிதாக இருந்ததால் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைக் கயிற்றுக்கு இப்பால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள்.

முதலில் மடக்குத் துப்பாக்கி. ‘செனாப்பாங்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். நடுவே மடித்து, ஒரே ஒரு தோட்டாவை உள்ளே வைத்து, நிமிர்த்தி மூட வேண்டும். நால்வரும் வரிசையாக நின்றார்கள். அப்பாவுக்கு இடப்பக்கம் மாமா. சுட்ட ஒலி காதில் விழவில்லை, என் வயிற்றில் விழுந்தது. லாரி ஓட்டுநரின் தோளை அது உதைத்த உதையில் அவர் ஓரடி பின்வாங்கினார். அப்பா அசையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இயந்திரம் தாங்கிய தோள் அது. ஊதல் ஒலித்தது. மாமாவின் முழங்கை தாழ்ந்தது. அரை மூச்சுக்குப் பின் அப்பாவின் குழல் தாழ்ந்தது. சார்ஜன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளிச் சுடும் பம்ப் கன். ஒன்று முடிந்ததும் வெற்றுக்கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். ஐந்து தோட்டாக்கள். மூன்றாவதில் இளைஞரின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ஒத்திகையில் இல்லாத நேரத்தில், எதிர்பாராமல் ஊதல் அலறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நான்கு குழல்களும் தரையை நோக்கியிருந்தன. மாமாவின் கழுத்து வியர்த்திருந்தது. அந்த மலையில் அந்தக் குளிரில்.

அப்பா காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றருகே வந்து நிற்க, அவருடைய அட்டையைக் கொண்டுவந்து சார்ஜன் துளைகளை எண்ணினார். அந்த அட்டை மாமாவிடம் இருக்கிறது, நானும் எண்ணியிருக்கிறேன். நால்வரில் அப்பாதான் முதல். சார்ஜன் பாராட்டி, முன்பு எங்கே சுடப் பழகினாய் என்று கேட்டார். வலப்பக்கம் நின்று கேட்டார். அப்பா புன்னகைத்தார். சார்ஜன் விடைக்காகக் காத்திருந்தார். அப்பா இன்னும் கொஞ்சம் புன்னகைத்தார். நான் கயிற்றின் அடியில் கை நீட்டி அவர் சட்டையை ஒருமுறை இழுத்தேன். திரும்பினார். “எங்க சுடக் கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாரு,” என்றேன். அப்பா விடை சொன்னார். சார்ஜன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மூன்றாவது சுழல் துப்பாக்கி. கைக்கு அடக்கமானது, ஆறு அறைகள், ஆறு தோட்டாக்கள். மாமாவின் ஏற்பாடு இங்கேதான் உடைந்தது. அவ்வகைத் துப்பாக்கிகள் அன்று இரண்டே இருந்தன. ஆகவே இருவர் இருவராகத்தான் சுட வேண்டும். கிராணியின் படிவத்தில் இருந்த வரிசைப்படி சார்ஜன் அழைத்தார். முதலில் அப்பாவும் தொழிற்சாலை இளைஞரும். பின்னர் மாமாவும் ஓட்டுநரும்.

மாமா மலாயில் கெஞ்சினார். நாங்கள் இருவரும் ஒரே இயந்திரத்துச் சோடி, சேர்ந்து நின்றால்தான் கை வரும் என்றார். இயந்திரம் வேறு, இது வேறு, கயிற்றுக்குப் பின்னால் போ என்றார் சார்ஜன். அப்பாவுக்குக் கோட்டின் இடக்கோடி கிடைத்தது. அவருக்கு இடப்பக்கம் இப்போது மலைதான் இருந்தது. சுடும் கோட்டில் நின்றபடி ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். மாமா ஒலியில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: “ஒண்ணும் இல்ல மச்சான்.” பிறகு என் தோளில் கை வைத்தார்.

சுடத் தொடங்கினார்கள். இளைஞர் அடுக்கடுக்காகச் சுட்டார். அப்பா ஒன்று சுட்டு, மூச்சு வாங்கி, குறிபார்த்து, அடுத்ததைச் சுட்டார். நான் அப்பாவுடையதை மட்டும் எண்ணினேன். இரண்டு முடிந்தபோது மலையுச்சியிலிருந்து மூடுபனி இறங்குவதைப் பார்த்தேன். எங்கள் மலையில் அது இறங்குவதற்கு நேரம் காலம் இல்லை. மூன்று. பனி செம்மண் சுவரின் மேல்விளிம்பை மூடியது. நான்கு. இலக்கு அட்டையின் மேல்பாதி வெளுத்தது. மூடுபனி வந்தால் கொழுந்து வெட்டுபவர்கள் நிறுத்துவதில்லை. நிரை காலுக்குத் தெரியும், வேலை நடக்கும். ஐந்து.

ஊதல் ஒலித்தது. தொடர்ந்து சார்ஜனின் குரல்: “பெர்ஹெந்தி!” நிறுத்து. அட்டைகள் மறைந்துவிட்டால் சுடக் கூடாது. இளைஞர் கையைத் தாழ்த்தினார். அப்பாவின் கைகள் நீண்டபடியே இருந்தன.

மாமா முழங்கையைத் தாழ்த்தினார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒருமுறையல்ல, நாலைந்து முறை தாழ்த்தினார். சார்ஜன் வலக்கோடியில் இளைஞரின் அருகில் இருந்தார். நான் கயிற்றின் அடியில் நுழைந்தேன். ஓடினேன். அழுதேனா, சிரித்தேனா என்பதற்குச் சான்று இல்லை. காதுக்கவசம் வழியில் விழுந்தது. அப்பாவின் பின்னால் போய்ச் சட்டை நுனியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தேன்.

அவர் திரும்பவில்லை. விரல் விசையை விட்டு நீங்கி நேராக நீண்டது. குழல் மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்தது. அப்படியே சிலையாக நின்றார். பின்னால் என்ன என்று கேட்காமல், குளவிக்கூட்டின் முன்னால் நிற்பதுபோல.

சார்ஜன் ஓடிவந்து துப்பாக்கியை வாங்கிச் சுழலறையைத் திறந்தார். தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டினார். ஐந்தின் அடியில் சுத்தி பட்ட குழி இருந்தது. ஆறாவதன் அடி வழவழப்பாகப் பளபளத்தது. அதை மட்டும் மேசைமேல் நிமிர்த்தி வைத்தார்.

அவர் அப்பாவைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏன் ஓடினாய் என்று மலாயில் கேட்டார். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பனியைக் கண்டு அப்பாவிடம் ஓடினேன் என்றால் எந்தச் சார்ஜனும் நம்பியிருப்பார். பத்து வயதுச் சிறுமிதானே. ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்திருந்தாலும் போதும். அம்மா கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்த உலகில் மிகப் பெரிய குற்றம் ஆசிரியர் சொல்லைக் கேளாதிருப்பது. அப்பா ஆணையை மீறியவர் என்று இவர் எண்ணிவிடுவார் என்றுதான் அஞ்சினேன். அந்தப் பழியிலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே நிமிர்ந்து நின்று, வகுப்பில் விடை சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னேன். அப்பா சொல் மீறுபவர் அல்லர். ஊதல் ஒலி அவர் காதில் விழாது, அவ்வளவுதான்.

எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் கடிதம் கொடுத்ததைச் சொன்னேன். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் அதைக் கேட்கக்கூட இல்லை.

“அலமா…” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மாமா. என் முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா காதுக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை. சார்ஜனின் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி, நான் ஏதோ நல்லது சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்ற முகத்தோடு புன்னகை செய்துகொண்டு நின்றார்.

பனி விலகியதும் மாமாவும் ஓட்டுநரும் சுட்டார்கள். மாமாவுக்கு அதில் நாட்டம் இல்லை. அப்படியும் நன்றாகச் சுட்டார் என்பதற்கு அவருடைய அட்டை சான்று. திரும்பும் வழியில் மாமா வேனில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். சாலையோரக் கடையில் வேனை நிறுத்தச் சொல்லி அப்பா எனக்கு ஓர் அவித்த சோளம் வாங்கித் தந்தார். நான் அதைப் பரிசாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “என்னடா ஆச்சு?” என்று மாமாவைக் கேட்டார்.

“சுட்டோம். வந்துட்டோம்,” என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. முழுவதையும் சொன்னேன், ஓடியதை, இழுத்ததை, சார்ஜனுக்கு விடை சொன்னதை. அம்மாவின் கையில் அகப்பை இருந்தது. உள்ளே போய் அதை மெல்லப் பானைக்குள் வைத்தார்.

“சரி,” என்றார். “போய்க் கை கழுவு.”

இரண்டு வாரம் கழித்து அலுவலகப் பலகையில் இரு பெயர்கள் வந்தன. தொழிற்சாலை இளைஞர் ஒருவர், மற்றவர் மாமா. மாமா ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலையை ஏற்கமாட்டேன் என்று கிராணியிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டு, அப்பாவே போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவர்கள் பேசியதை நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று கேட்டோம்.

“ஒங்களுக்காகத்தான் மச்சான் நா பேரு குடுத்தேன். என் மூஞ்சிய எங்க வச்சிக்கறது?”

“இருக்கற எடத்துலயே வச்சிக்க. போய் வேலைல சேரு லா. ரெண்டு பேரும் மெசினப் புடிச்சி என்னா ஆவப் போவுது? ஒருத்தன் காதாவது மிஞ்சட்டும்.”

மாமா சீருடை அணிந்தார். இயந்திரத்தின் மறுமுனையை வேறொருவர் பிடித்தார். எஞ்சின் முனை அப்பாவிடமே இருந்தது, மேலும் ஒன்பது ஆண்டுகள். மருத்துவர் எழுதியபடியே நடந்தது. இன்று அப்பாவுக்கு இரு காதுகளுமே கேட்பதில்லை. இப்போது வேறொரு நகரத்தில் என்னோடு இருக்கிறார். தொலைக்காட்சியை ஒலி இல்லாமல் பார்க்கிறார்.

அப்பாவின் மதிப்பெண் தாளின் படி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தோட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். ‘தேர்ச்சி இல்லை’ என்ற கட்டத்தில் குறி இட்டிருக்கிறது. காரணம் எழுதும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற கிராணிக்கு அந்த நாள் நினைவில் இல்லை. சார்ஜன் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்துக்கும் போனேன். கயிறு கட்டியிருந்த கம்பங்கள் இருந்தன. அங்கிருந்து சுடும் கோடுவரை என் நடைக்குப் பதினோரு எட்டு. பத்து வயதுக் காலுக்குக் கூடுதலாகவே இருந்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஒருவர் இன்னொரு முறை சுட்டிருக்க முடியும். அப்பாவைப்போல மூச்சு வாங்கிச் சுடுபவருக்கு அந்த நேரம் போதாமலும் இருந்திருக்கலாம். மாமா, “அவருக்குக் கேட்டுருச்சு, அதான் சுடல,” என்கிறார். அம்மா, “எங்க கேட்டுச்சு?” என்கிறார். இருவரும் ஒன்றுபோலச் சொல்லாததால் இரண்டையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஆண்டு ஒரு தாளில் எழுதி அப்பாவிடமே நீட்டினேன். அன்று சார்ஜன் போட்ட சத்தம் உங்கள் காதில் விழுந்ததா என்று. மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சாப்டியாம்மா?” என்றார்.

ஒரு தோட்டாவை நான் தடுத்துவிட்டேன் என்பதுதான் பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. தடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆணை காதில் விழுந்து, விரலை ஏற்கெனவே நிறுத்திவிட்டு, கையைத் தாழ்த்தப் போகும் நொடியில் அவர் நின்றிருந்திருக்கலாம். நான் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் அன்று தேறியிருக்கலாம். இப்படியும் ஒன்று உண்டு என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஊதல் ஒலித்தது. குரல் எழுந்தது. ஆறாவது தோட்டா சுடப்படவில்லை. நான் இரண்டு முறை இழுத்தேன். இவை உறுதி. நான் இழுப்பதற்கு முன்பே அப்பா நிறுத்தியிருந்தாரா என்பது தெரியவில்லை.